நாச்சியார் எழுத்து

காசிராஜன் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். ராஜபாளையத்தில் ஐயாதுரையின் அச்சகத்தில் ஆர்ட்டிஸ்டாக இருந்தார். மில் முதலாளிகளின் லெட்டர்பேட், நகைக்கடை விசிட்டிங் கார்டு, கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் தலைப்பெழுத்தை அவர்தான் கையால் வரைவார். அதை வைத்து பிளாக் எடுத்து அச்சடிப்பார்கள்.

1991 ஆவணியில் அவருடைய ஒரே மகள் நாச்சியாருக்குக் கல்யாணம் வைத்தார்கள். மகளின் பத்திரிகையை முழுவதுமாகத் தானே வரைந்தார். சுழித்து இறங்கி, கொடி மாதிரி அடுத்த எழுத்தைப் போய்த் தொடும் எழுத்து. நாச்சியார் பார்த்துவிட்டு, "எப்பா, என் பேரைவிட மாப்பிள்ளை பேருதான் அழகா இருக்கு" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள். சிரித்துக்கொண்டே அவள் பெயரை மட்டும் மறுபடி வரைந்தார்.

பத்திரிகையெல்லாம் கொடுத்து முடித்த பிறகு அவளுக்குக் காமாலை கண்டது. மதுரைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் ஆள் விட்டுச் சொல்ல முடிந்தது. முகூர்த்தத்தன்று கான்சாபுரத்திலிருந்து ஒரு குடும்பம் பட்டுச்சேலையும் பாத்திரமுமாக மண்டபத்துக்கு வந்து, பூட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தது. காசிராஜன் கும்பிட்டபடி நின்றார். அவர் மனைவி அய்யம்மாள்தான் சொன்னாள்:

"பிள்ளை போயிட்டாண்ணே. உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

அதற்குப் பிறகு அவர் அந்த எழுத்தைத் தொடவே இல்லை. சில வருடம் கழித்து அச்சகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது ஐயாதுரை தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அண்ணாச்சி, பாப்பா பத்திரிகையைப் பார்த்தவுக எல்லாம் அந்த எழுத்தைத்தான் கேக்காக. கம்ப்யூட்டர்ல ஏத்திருவமா?"

மறுநாளே காசிராஜன் பேனாவை எடுத்தார். பத்திரிகையில் வராத எழுத்துகளையும் வரைந்து கொடுத்தார். கம்ப்யூட்டரில் இந்த எழுத்துக்கு என்ன பேர் வைக்க என்று ஐயாதுரை கேட்டதற்கு, "பிள்ளை பேரையே வையுங்க" என்றார்.

எழுத்து நன்றாக ஓடியது. ஒருநாள் தங்கை மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க அய்யம்மாள் அச்சகத்துக்கு வந்தாள். அவளுக்கு முன்னால் நின்ற ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "நாச்சியார் வேண்டாம்யா. வளைஞ்சு நெளிஞ்சு கெடக்கு. அதைத் தூக்கிட்டு வேற போடு."

அய்யம்மாள் வந்த வேலையைச் சொல்லாமலே திரும்பிவிட்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்த காசிராஜனிடம், "நம்ம பிள்ளையை வேண்டாங்கான். எதுக்கு அவளைக் கொண்டுபோய்க் கடைத்தெருவுல விட்டிய?" என்று கேட்டு அழுதாள்.

காசிராஜன் போய்ச் சொன்னதும் ஐயாதுரை எழுத்தின் பெயரை மாற்றிவிட்டார். ஆனால் எழுத்து ஏற்கெனவே ஃப்ளாப்பியில் ஏறி சிவகாசி, கோவில்பட்டிக் கடைகளுக்கெல்லாம் போயிருந்தது. காசிராஜன் பஸ் ஏறிக் கடை கடையாகப் போய்க் கேட்டார். சிலர் மாற்றினார்கள். சிலர் "பேருல என்ன சார் இருக்கு?" என்றார்கள். யார் யாரிடம் இருக்கிறது என்றே பாதி தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து, "எல்லா எடத்துலயும் மாத்தியாச்சு" என்றார்.

அய்யம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டாள்.