சீமெந்துத் தரையில் படுத்துக் கேட்டவள்

உரும்பிராயில் ஒரு வாசிகசாலை மண்டபத்தில், சனிக்கிழமை காலைகளில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் ஆட்டமும் சொல்லிக்கொடுத்து வந்தேன். பதினான்கு பிள்ளைகள், எல்லோருக்கும் நான்கு, ஐந்து வயது. நான் பாடிக் கை தட்டி, காலை எடுத்து வைத்துக் காட்டுவேன். அவர்கள் பார்த்து அப்படியே திருப்பிச் செய்ய வேண்டும். நான் படித்ததும் அப்படித்தான். பிழை விட்டால் தாளம் தட்டும் கழி கணுக்காலில் விழும். எனக்கு நிறையவே விழுந்திருக்கிறது. வேறு வழி ஒன்று இருக்கலாம் என்று நான் யோசித்ததே இல்லை.

ஆனால் பிள்ளைகள் ஒரே மாதிரிப் படிப்பதாக இல்லை. ஒருவன் வகுப்பில் வாயே திறக்க மாட்டான். வீட்டுக்குப் போய்த் தாய்க்கு முழுப் பாட்டையும் பாடிக் காட்டுவானாம். இன்னொருத்திக்கு, "இப்ப வலக்கால், இப்ப இடக்கால்" என்று வாயால் சொன்னால்தான் கால் நகரும். இவர்களைப் பொறுத்துக்கொண்டேன். ஒருத்தியை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் தரையில் அமர்ந்து மிருதங்கத்தைத் தொட்டதும் வந்து பக்கத்தில் குப்புறப் படுத்துவிடுவாள். கன்னத்தைச் சீமெந்தில் ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள். பாட மாட்டாள், ஆட மாட்டாள்.

ஒரு நாள் அவளைப் பிடித்துத் தூக்கினேன். உதறினாள். குதிக்கால் என் வாயில் பட்டு உதடு கிழிந்தது. இரத்தத்தின் ருசி நாக்கில் பட்டதும் கழியை எடுத்து அவளுடைய தொடையில் இரண்டு அடி போட்டேன். இரண்டாவது அடி தேவையே இல்லாதது. அடிக்கும்போதே அது எனக்குத் தெரியும். அவள் அழவில்லை.

மதியம் தகப்பன் கூட்டிப்போக வந்தார். தோட்டம் செய்கிற, அதிகம் கதைக்காத மனிதர்.

"உங்கடை பிள்ளை சொல்வழி கேக்கிறாளில்லை. வீட்டிலை கொஞ்சம் கண்டிச்சு விடுங்கோ" என்றேன்.

"ஓம் ரீச்சர். நான் பாக்கிறன்."

அடுத்த சனிக்கிழமை அவர் பாதி வகுப்பில் வந்து வாசலில் நின்றார். மற்றப் பிள்ளைகள் வட்டமாக நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அவருடைய மகள் தரையில் கிடந்தாள். செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து அவளைப் பின்னலில் பிடித்துத் தூக்கினார். கால் தரையில் படவில்லை. மற்றக் கையால் பெல்ட்டை உருவினார்.

முதல் அடி முதுகில் விழுந்தது. அடுத்தது காலில். பிள்ளைகள் சிதறிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். ஒருத்தி நின்ற இடத்திலேயே மூத்திரம் போனாள். நான் குறுக்கே பாய்ந்தேன். பெல்ட்டின் கொளுக்கி என் மணிக்கட்டைப் பிளந்தது. அந்த இடைவெளியில் மகள் அவருடைய பெருவிரலைக் கவ்விக்கொண்டாள். அவர் கையை உதறினார். பல் விடவில்லை. இன்னும் பலமாக உதறியபோது அவள் பறந்துபோய், ஆட்கள் அமர்ந்து பேப்பர் படிக்கும் மர வாங்கின் காலில் நெற்றியடிபட விழுந்தாள். புருவம் பிளந்து முகம் முழுக்க இரத்தம்.

"பிள்ளையைக் கொல்லப்போறியளோ?" என்று கத்தினேன்.

அவர் மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்தார்.

"போன கிழமை நீங்கள் அடிச்சனீங்கள். துடையிலை இன்னும் தழும்பு கிடக்கு. கண்டிச்சு விடுங்கோ எண்டு சொன்னதும் நீங்கள்தான். நீங்கள் அடிச்சால் படிப்பு, நான் அடிச்சால் கொலையோ?"



என் சால்வையை அவளுடைய நெற்றியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். மூன்று தையல். எப்படிக் காயம் வந்தது என்று டொக்டர் கேட்டபோது அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தகப்பன் அடிச்சவர்" என்றேன். பிறகு, "அதுக்கு முதல் கிழமை நான் அடிச்சனான். அதையும் எழுதுங்கோ" என்றேன்.

சிறுவர் விடயங்களைப் பார்க்கும் உத்தியோகத்தர் இரண்டு வீட்டுக்கும் வந்தார். நாலைந்து தாய்மார் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அவர்களில் பிழை இல்லை. வகுப்பை மூடிவிடலாம் என்றிருந்தபோது, அந்தப் பிள்ளையின் தாய் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"வீட்டிலை இருந்தால் நிலத்திலை தலையை மோதிக்கொண்டு கிடக்கிறாள் ரீச்சர். வேறை எங்கை கொண்டுபோறது?"

வகுப்பை மூடவில்லை. அடுத்த சனிக்கிழமை, "படுத்துக் கேக்க விரும்புற ஆக்கள் படுக்கலாம்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னேன். மூன்று பேர் சிரித்துக்கொண்டு படுத்தார்கள். அவள் படுக்கவில்லை. ஐந்து சனிக்கிழமைகள் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். ஆறாவது சனிக்கிழமை உள்ளங்கையை மட்டும் தரையில் வைத்தாள். அதற்கும் பிறகுதான் படுத்தாள். ஒரு நாள், மிருதங்கம் ஓய்ந்ததும் எழும்பி, நான் அந்தப் பள்ளித் தவணை முழுக்க வாசித்த தாளத்தைக் காலால் மிதித்துக் காட்டினாள். மற்றவர்கள் அவசரப்பட்டு விழுங்கிவிடும் இடைவெளியில்கூட அந்தரத்தில் காலைப் பிடித்து நின்று, பிறகே மிதித்தாள்.

சந்தோஷத்தில் கை தட்டுவதற்காக என் இரண்டு கைகளையும் தூக்கினேன். அவள் தலையை மூடிக்கொண்டு சுருண்டு கீழே விழுந்தாள்.

இப்போது நான் மடியில் வைத்தே கை தட்டுகிறேன். தகப்பன் றோட்டிலேயே நின்று அவளை ஏற்றிப்போகிறார். அந்த நாளுக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரு சொல் கதைக்கவில்லை.