வெசல் கையை மடக்குகிறார்

தன் டயர் கடையில் டயரைக் கழற்றும்போது வெசல் தெர்ப்ளான்ஷ் அதனோடு பேசுவார். "வாடா செல்லம், வெளில வா. உன்னை யாரு இப்படிக் கொடுமைப்படுத்துனது?" எங்கள் ஊர் ரீட்பானில் குழாய்த் தண்ணீர் உறைகிற குளிரிலும் அவருக்கு அரைக்கால் சட்டைதான். முழங்கால்வரை இழுத்துவிட்ட சாக்ஸில் ஒரு சீப்பு செருகியிருக்கும். டயர் வெளியே வந்ததும், கையில் இல்லாத ஒரு கட்டையைக் கீழிருந்து வீசி எறிவார். எறிந்த கையை உடனே நெஞ்சோடு மடக்கிக்கொள்வார்.

இந்த மடக்கல் ஒரு வருடமாகத்தான். தூரத்தில் மணலில் நட்ட குச்சியை மரக்கட்டை வீசிச் சாய்ப்பதுதான் எங்கள் யக்ஸ்கே விளையாட்டு. மாட்டு வண்டியில் போன முன்னோர்கள் நுகத்தடியின் முளையைப் பிடுங்கி விளையாடியது என்பார்கள், நான் பார்த்ததில்லை. கட்டை போன பிறகும் கை அதன் பின்னாலேயே நேராக நீண்டு நிற்க வேண்டும். சுருக்கினால் கட்டை கோணிக்கொண்டு போகும்.

போன செப்டம்பரில் ஊரின் யக்ஸ்கே விழாவில் ஜோஹன்னஸ்பர்க் பத்திரிகை ஒன்று வெசலின் அந்த நீட்டிய கையைப் படம் பிடித்தது. அச்சில் வந்தபோது கட்டையும் இல்லை, குச்சியும் இல்லை. நிறவெறி ஆட்சிக்கு ஏங்குகிறவர்கள் தங்கள் கூட்டங்களில் கை நீட்டி வைக்கும் வணக்கம் அச்சு அசலாக. 'பழைய நாட்களுக்கு ஏங்கும் ஊர்' என்று தலைப்பு வேறு. பக்கத்தில் நின்ற டேனி அடோனிஸ் அவருடைய அணிக்காரர். வெசலைப் போல வெள்ளையர் இல்லை, பழுப்பு இனத்தவர்; ஆனால் எங்கள் ஆஃப்ரிகான்ஸ்தான் அவருக்கும் தாய்மொழி. அவரை வெட்டிவிட்டிருந்தார்கள். படத்தின் ஓரத்தில் அவர் முழங்கை மட்டும் மிஞ்சியிருந்தது.

"என்னை வெட்டிட்டாங்க, உன்னை மாட்டிவிட்டாங்க," என்று அடோனிஸ் சிரித்தார். வெசலுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் டாக்ஸிகளுக்கெல்லாம் அவரிடமே டயர் மாற்றிவந்த கறுப்பினத்தவர் மொக்கோயேனா, அந்த வாரத்திலிருந்து கடையைத் தாண்டிப் போகிறார். வந்து நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட வெசல் தாங்கியிருப்பார். எதுவும் கேட்காமல் போனதுதான் அவரை அரித்துக்கொண்டிருக்கிறது.

கடையில் காபிக்கு உட்கார்ந்தால் பேச்சு இதற்கே வந்து நிற்கும். "எங்க மொழி, எங்க விழா எல்லாம் எங்களுக்கு உண்டுன்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. கேமராக்காரங்க படிக்கல போல," என்றார் வெசல் ஒருநாள், ரஸ்க்கைத் தோய்த்தபடி.

"எங்க மொழின்னா அதுல நானும் இருக்கேன்டா," என்றார் அடோனிஸ். "சரி, நம்ம ஊர் கோபஸ் வண்டில நிறவெறிக் காலத்துப் பழைய கொடி கட்டியிருந்தானே, அந்தப் படமும்தான் போட்டாங்க. அதுவும் பொய்யா?"

வெசல் கோப்பைக்குள் குனிந்தார். ரஸ்க் உடைந்து காபிக்குள் விழுந்தது, ஸ்பூனால் தேடிக்கொண்டிருந்தார். ஆனால் இந்த வருட விழாவன்று காலையில் முதல் வேலையாகக் கோபஸின் வண்டியருகே போனார். "கொடியை மடிச்சு வீட்ல வை. முடியாதுன்னா நீயும் வண்டியோட வீட்லயே இரு," என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அவ்வளவு தைரியம் ஆட்டத்தில் வரவில்லை. மடக்கிய கையால் எறிந்து முதல் ஆட்டத்தைத் தோற்றார். பிள்ளைகளைப் போலவே அவரை அப்பா என்று கூப்பிடும் அவர் மனைவி ஹெஸ்டர், பான்கேக் அடுப்பை விட்டுவிட்டு வந்தாள். "அப்பா, கையை நீட்டி எறிங்க. இந்த எறிக்குக் கோழிகூட நகராது." இன்னொன்று தோற்றால் அணியைவிட்டே விலகிக்கொள்கிறேன் என்றார் வெசல். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அப்போதுதான் போன வருடம் படமெடுத்த அதே பெண், மேகன், கேமராவோடு வந்தாள். கூட்டம் சற்று விலகி நின்றது. அவள் நேராக வெசலிடம் போனாள்.

"சார், தலைப்பு நான் வைக்கல. வெட்டுனதும் ஆபீஸ்லதான்."

"எடுத்தது?"

"எடுத்தது நான்தான்."

வெசல் ஒரு கட்டையை அவள் கையில் கொடுத்தார். "ஒண்ணு எறிஞ்சு பாரும்மா."

"எனக்கு வராதே சார்."

"மொதல்ல யாருக்கும் வராது. கை போற பக்கம் போகட்டும், தடுக்காத."

எறிந்தாள். கட்டை பாதி வழியிலேயே புல்லில் விழுந்து உருண்டது. எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான். அவள் கை மட்டும் இன்னும் நேராக நீண்டு நின்றது. வெசல் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, பக்கத்தில் போய் ஒரு படம் எடுத்தார். அதை அவளிடம் காட்டினார். வானமும் அவளும் நீட்டிய கையும் மட்டுமே இருந்தன. அவள் சிரிப்பு அடங்கிவிட்டது.

அடோனிஸ் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "இதுல என் முழங்கைகூட இல்லையே."

அவள் பார்த்து முடிக்கும்வரை வெசல் காத்திருந்தார். பிறகு அவள் கண்ணெதிரிலேயே அந்தப் படத்தை அழித்தார். போனைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த ஆட்டத்துக்குக் கட்டையை எடுத்தார். கோட்டில் போய் நின்றார். மேகன் கேமராவைத் தூக்குவதை அவர் பார்த்தார், பார்த்துக்கொண்டேதான் எறிந்தார். குச்சி சாய்ந்து மணலில் படுத்த பிறகும் அந்தக் கை மடங்கவில்லை.