பிதுக்க வந்த அவரை

ஃபேக்டரி வேலைக்காக ஓசூருக்கு வந்த முதல் மார்கழி. பக்கத்து வீட்டு அக்கா ஒரு கிண்ணம் நிறைய ஊறவைத்த அவரைக்கொட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். ஓசூரை அடுத்த தளிப் பக்கத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். தூத்துக்குடிக்காரியான எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். புளி கரைத்து, தேங்காய் அரைத்து, தோலோடு குழம்பு வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அக்கா வந்து, "பிதுக்கிட்டியாம்மா?" என்றார்.

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. எங்கள் காம்பவுண்டில் ஆறு வீடுகள். அவரைக் காலம் வந்தால் ஒருவர் கொட்டையை ஊறவைத்து, வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புவார். அவரவர் தம் கிண்ணத்துக் கொட்டையைத் தோலிலிருந்து பிதுக்கிப் பருப்பைத் திருப்பித் தர வேண்டும். ஒரே பானையில் குழம்பு கொதித்து, எல்லா வீட்டுக்கும் களியோடு வரும். நான் ஆறு வீட்டுப் பருப்பில் கை வைத்திருந்தேன்.

"சொல்லிட்டுக் குடுத்தா என்னவாம்?" என்று எரிந்து விழுந்தேன். தப்பு என்னுடையது என்பதால் குரல் இன்னும் உயர்ந்தது. அக்கா அடுப்பிலிருந்த என் குழம்பை உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, நக்கிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஏழு மணிக்கு என் பங்குக் குழம்பும் களியும் குறையாமல் வந்தன. வாங்கக் கை கூசியது.

அடுத்த மார்கழியில் அக்கா வந்தபோது, கிண்ணத்தோடு ஒரு பெரிய குண்டானும் இருந்தது.

"கிண்ணத்துல இருக்கறது பிதுக்கறதுக்கு. குண்டான்ல இருக்கறது உன் புளிக்கொழம்புக்கு. ஆறு வூட்டுக்கும் சேத்து வெய்யி."