தொண்ணூறு வரட்டும்

என் வீட்டுக்காரருக்கு எடைமேடையில் வேலை. நெடுஞ்சாலை ஓரத்தில், ஒரு லாரி முழுதாக ஏறி நிற்கிற அளவுக்கு இரும்பு மேடை. பக்கத்தில் கண்ணாடி வைத்த அறை. லாரி ஏறியதும் இவர் உள்ளே இருந்து பொத்தானை அமுக்குவார். கம்பத்தில் இருக்கும் கேமரா வண்டியைப் படம் பிடிக்கும். எடையும் படமுமாகச் சீட்டு வெளியே வரும். நாளெல்லாம் லாரிகளைப் படம் பிடித்த இந்த மனிதர், தன்னை மட்டும் ஒருத்தர் படம் எடுக்க நான்கு வருடம் விடவில்லை. என்னத்தைச் சொல்ல.

எல்லாம் என் தங்கை வீட்டில் எடுத்த ஒரு குடும்பப் படத்தால் வந்த வினை. "நடுவுல பீரோவை ஏன் நிறுத்தினீங்க" என்று யாரோ வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டார்கள். யார் என்று எனக்குத் தெரியும். என் வாயால் சொல்ல மாட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாளே இனிப்பை விட்டார். ராத்திரிக்கு வேகவைத்த காய், விடியும் முன் நடை. நூற்றுப் பதினெட்டு கிலோவிலிருந்து தொண்ணூறு வரட்டும், அப்புறம் எத்தனை படம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல காரியம்தானே என்று நானும் இருந்தேன். ஆனால் நான் வாங்கி வைத்த எடை மெஷினில் ஏற மாட்டார். அது விளையாட்டுச் சாமானாம். அரசாங்க முத்திரை வைத்த தன் மேடை சொன்னால்தான் எடையாம். அந்த மேடையோ பத்துப் பத்தாகத்தான் காட்டும். நூற்றிரண்டானாலும் நூறு, தொண்ணூற்றேழானாலும் நூறு. 'இருநூறு கிலோவுக்குக் கீழ் நிறுக்கப்படாது' என்று அறை வாசலில் போர்டு எழுதி மாட்டியதே இவர்தான். இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

ஒருநாள் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போனார் என்று எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அப்படி ஒரு பனி. சாலை எது, மேடை எது என்று தெரியவில்லை. சிவப்பு எண்கள் மட்டும் அந்தரத்தில் மிதந்துகொண்டிருந்தன. கிட்டப் போனதும் இவர் தெரிந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, அத்தனை பெரிய மேடையின் நடுவில் தன்னந்தனியாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நூறு. ஒரு கணம் தொண்ணூறு. மறுபடியும் நூறு. அவ்வளவு பெரிய உடம்பு அந்த வெள்ளையில் எடையே இல்லாத மாதிரி இருந்தது. கூப்பிட வாய் வரவில்லை. கண்ணாடியை ஜன்னலில் வைத்துவிட்டுத் திரும்பினேன். வழியெல்லாம் அழுகையாக வந்தது.

இளைக்க இளைக்க வெட்கம் குறையும் என்று நினைத்தேன். எங்கே! கன்னம் ஒட்டிப்போய், கழுத்துத் தோல் தொங்கியது. பார்க்கிறவர்கள் எல்லாம் உடம்புக்கு என்ன என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்கள். அதற்கப்புறம் எங்கே போனாலும் போனை முதலில் கையில் எடுப்பவர் இவர்தான். எடுக்கிறவர் படத்தில் வர வேண்டாமே. மகள் நர்ஸ் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கிய அன்று எடுத்த படத்தில் அவளும் நானும் இருக்கிறோம். எங்கள் காலடியில் இவருடைய நிழல் விழுந்திருக்கிறது.

அவளுக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. இரண்டு வருடம் ஊருக்கு வர முடியாது. போகும் முன் அப்பாவோடு ஒரே ஒரு படம் வேண்டும் என்றாள். இவர் பழைய பல்லவியையே பாடினார். "நீங்க இல்லாத ஆல்பத்தைக் கொண்டுபோய் நான் யாருகிட்டப்பா காட்றது?" என்று கேட்டுவிட்டு மூன்று நாள் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் பிடிவாதம் இறங்கியதா? அதுதான் இல்லை.

கிளம்புகிற அன்று விடியற்காலையிலேயே, லீவு கிடைக்கவில்லை என்று வேலைக்குப் போய்விட்டார். லீவாவது மண்ணாவது! வழியனுப்பப் போனால் அங்கே எல்லாரும் படம் எடுப்பார்கள் என்ற பயம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மகள் காரை எடைமேடைக்கு விடச் சொன்னாள்.

அன்றும் பனிதான். அவள் பெட்டியை உருட்டிக்கொண்டு நேராக மேடையில் ஏறினாள். முப்பது கிலோவுக்கு மேல் போகக் கூடாதாம், நிறுத்துச் சொல்லுங்கள் என்றாள். இவர் பதறிப்போய் வெளியே வந்தார். லாரி நிறுக்கிற மேடையில் பெட்டியை நிறுப்பார்களா, போர்டைப் பார்க்கவில்லையா என்று ஆரம்பித்தார்.

"தினமும் உங்களை நிறுக்குதே?" என்றாள்.

திருட்டுத்தனம் பிடிபட்ட பிள்ளையாக அசடு வழிந்தபடி, பெட்டியை இறக்க இவரும் மேலே ஏறினார். அவள் இவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். நான் அறைக்குள் போய்ப் பொத்தானை அமுக்கிவிட்டேன்.

சீட்டோடு வெளியே ஓடினேன். எடை நூற்றெண்பது என்று இருந்தது. படத்தில் முக்கால்வாசி பனி. நடுவில் ஒரு பெட்டி, அதன் அருகே மங்கலாக இரண்டு உருவங்கள்.

"போதும்பா. ரெண்டு பேரும் இருக்கோம். இதுல உங்க எடை எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது," என்றாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே அவளுக்கு அது போதும் போல இருந்தது. மடித்துப் பர்ஸில் வைக்கப் போனாள்.

இவர் அதைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதுல என் மூஞ்சியே தெரியலையேம்மா," என்றார்.

இவர் என் பக்கம் திரும்பி, போனை எடு என்றார். எடுத்தேன். இவருக்குக் கூசுமே என்று பழக்க தோஷத்தில் பத்தடி தள்ளியே நின்றேன்.

"இன்னும் கிட்ட வா," என்றார்.