அக்காவுக்கு வேண்டாமென்று சொன்ன ஊசி

போன ஆவணியில் டாக்டரம்மா எலும்பு ஊசியைப் பற்றிப் பேச்செடுத்தபோது, அவர் பாதி சொல்வதற்குள் மீதியை நானே சொல்லிவிட்டேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, மூன்று வருஷம். ட்ரிப்ஸ் மாதிரி கையில் ஏற்றுவார்கள். முதல் தடவை காய்ச்சல் வரலாம், உடம்பு வலிக்கலாம். ரொம்ப அபூர்வமாகத் தாடை எலும்பு கெட்டுப்போகலாம், அதனால் முதலில் பல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

"எங்க படிச்சீங்க இதெல்லாம்?" என்று சிரித்தார்.

எங்கேயும் படிக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் தி.நகரில் இதே அறையில், இதே நாற்காலியில் உட்கார்ந்து அவரிடமே கேட்டதுதான். அன்றைக்கு நோயாளி நான் இல்லை, என் அக்கா. தினமும் எத்தனையோ பேரைப் பார்க்கிறவருக்கு அது ஞாபகம் இருக்க நியாயமில்லை.

அத்திம்பேர் போன பிறகு அக்கா மயிலாப்பூரில் என்னோடுதான் இருந்தாள். அவளுடைய ஒரே பெண் திருவான்மியூரில் குடித்தனம், தரமணியில் வேலை. அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்ததும், சிகிச்சைப் பொறுப்பை நான் என் கையில் எடுத்துக்கொண்டேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவளுக்கு யாராவது எதையாவது தப்பாகச் செய்வார்கள் என்ற சந்தேகம் ஓயாது. அக்காவிடம் 'கட்டி' என்று மட்டும் சொன்னோம். அந்த இன்னொரு வார்த்தையை வீட்டில் யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. முடி கொட்டினபோது மருந்துச் சூடு என்றேன். நோயாளியிடம் மட்டும் நோயைச் சொல்லாமல் வைத்தியம் பார்ப்பதில் எங்கள் குடும்பத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை.

டாக்டர் அறைக்குள் போய் எடை பார்த்து, கையைத் தூக்கிக் காட்டியதும், "நீ வெளில உக்காந்துண்டிரு அக்கா, நான் வந்துடறேன்" என்பேன். ஃபைல் என் மடியில் இருக்கும். அவளும் மறுபேச்சில்லாமல் எழுந்து போவாள். நான் வெளியே வரும்போது பக்கத்து நாற்காலிக்காரியிடம் வத்தக்குழம்புக்குப் பக்குவம் சொல்லிக்கொண்டிருப்பாள். "என்ன சொன்னா?" என்று கேட்பாள். "எல்லாம் சரியா இருக்காம்" என்பேன்.

அப்படி அவள் வெளியே உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான் எலும்பு ஊசிப் பேச்சு வந்தது. கீமோ அப்போதுதான் முடிந்திருந்தது. நரம்பு கிடைக்காமல் நர்ஸ் நாலு இடத்தில் குத்தி, அக்காவின் கையெல்லாம் நீலம் பூத்திருந்தது. நோய் எலும்பில் திரும்பி வருகிற வாய்ப்பை இது கொஞ்சம் குறைக்கும் என்றார் டாக்டரம்மா. என் காதில் விழுந்தது தாடையும் காய்ச்சலும் மூன்று வருஷமும்தான். அடுத்த வாரம் போய் வேண்டாம் என்றேன்.

"அவங்களை ஒரு வார்த்தை கேட்டுடலாமே?"

"கேட்டுட்டேன் டாக்டர். வேண்டாங்கறா."

கேட்கவில்லை. அக்காவையும் கேட்கவில்லை, அவள் பெண்ணையும் கேட்கவில்லை. இப்படி ஒரு மருந்து இருக்கிறது என்பதே அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. டாக்டரம்மா ஃபைலில் எழுதிக்கொண்டார். நானும் அக்காவும் பாண்டி பஜாரில் காபி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

ஒன்றரை வருஷம் கழித்து இடுப்பு வலிக்கிறது என்றாள். வாயுப் பிடிப்பு என்று சொல்லித் தைலம் தேய்த்தேன், மூன்று வாரம் தேய்த்தேன். பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பில் வந்திருந்தது. கடைசி எட்டு மாதம் அவளைப் புரட்டிப் படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. புரட்டும்போது கத்தமாட்டாள், என் கையை மட்டும் இறுக்கிப் பிடிப்பாள். அந்தப் பிடி இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது.

அவள் போய் ஒரு வருஷமாகி, வருஷாப்திகம் முடிந்த மறுமாதம் எனக்குக் கட்டி. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, அப்புறம் தினம் ஒரு மாத்திரை. என் எலும்பு ஏற்கெனவே தேய்ந்திருக்கிறதாம், அந்த மாத்திரை இன்னும் தேய்க்குமாம். அதனால் எலும்பு ஊசி கட்டாயம் யோசிக்க வேண்டியது என்றார் டாக்டரம்மா.

அன்றைக்கு அவரிடம் அக்காவைப் பற்றிச் சொன்னேன். பொய் சொன்னதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன். "அவளுக்குப் போட்டிருந்தா வந்திருக்காதா?"

"அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா. வாய்ப்பு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். போட்டுக்கிட்டவங்களுக்கும் வந்திருக்கு."

பிழைத்திருப்பாள் என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். எப்படியும் போயிருப்பாள் என்று சொல்லியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அவர் இரண்டையும் சொல்லவில்லை.

பல் டாக்டர் ஒரு கடைவாய்ப் பல் வெடித்திருக்கிறது, ஊசி போட்டுக்கொள்வதானால் அதற்கு முன்னாலேயே எடுத்துவிட வேண்டும் என்றார். முடிவே எடுக்காமல் பல்லை மட்டும் பிடுங்கிக்கொண்டேன். புண் ஆறுகிற வரைக்கும் யோசிக்கலாமே என்று எனக்கு நானே தவணை சொல்லிக்கொண்டது அது. யோசித்ததெல்லாம் ஒன்றுதான். அவளுக்கு வேண்டாமென்று சொன்னதை நான் எப்படிப் போட்டுக்கொள்வேன்? இதைப் போட்டுக்கொண்டு நான் நன்றாக இருந்தால், ஒவ்வொரு நல்ல நாளும் எனக்கு எதிரான சாட்சி. வேண்டாமென்று சொல்லிவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று தோன்றியது. கணக்கு டீச்சர் புத்தி!

புண் ஆறிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவான்மியூருக்கு பஸ் ஏறினேன். அக்கா பெண் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். சமையல்கட்டு வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அம்மாட்ட கேக்கவே இல்லையா சித்தி?"

"இல்லைடி."

"டாக்டர்ட்ட என்ன சொன்னே?"

"கேட்டுட்டேன்னு சொன்னேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"கீமோலயே துவண்டு போயிருந்தா. இன்னும் மூணு வருஷம் குத்தினா தாங்கமாட்டாள்னு நினைச்சேன்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். கத்தவில்லை. "அம்மா ஊசிக்குப் பயந்து நான் பாத்ததே இல்லை. நர்ஸ் குத்தறச்சே நீதான் மூஞ்சியைத் திருப்பிண்டு நிப்பே" என்றாள்.

அது அத்தனையும் நிஜம். நீலம் பூத்த கையைப் பார்க்க முடியாமல் தவித்தது நான். அக்கா அந்தக் கையாலேயே பூத்தொடுத்தாள். என் பயத்துக்கு அவள் பெயரை வைத்து டாக்டரிடம் கொடுத்திருக்கிறேன்.

"இப்ப நான் என்னடி பண்ணட்டும்?"

"அதை என்னைக் கேக்காதே. உன் உடம்பு, டாக்டர் உனக்குச் சொல்லியிருக்கா. அம்மாவுக்கு அதுகூடக் கிடைக்கலை." அடுப்பை மறுபடி பற்றவைத்துக்கொண்டே, "போட்டுண்டா சொல்லு, லீவு போட்டுட்டு வரேன்" என்றாள். அன்று அவள் வீட்டில் நான் சாப்பிடவில்லை. சாப்பிடு என்று அவளும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் கழித்து டாக்டரம்மாவுக்கு ஃபோன் செய்து சரி என்றேன். பெரிய ஞானோதயம் ஒன்றுமில்லை. வேண்டாமென்று சொன்னால் அதுவும் ஊசிக்குப் பயந்த அதே பழைய ஆள் சொல்வதாகத்தான் இருக்கும் என்று புரிந்தது.

சொன்னபடி அக்கா பெண் வந்தாள். காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒப்புதல் படிவத்தை நர்ஸ் அவளிடம் நீட்டி, "நீங்க படிச்சுப் பார்த்து அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிடுங்க" என்றார். "அவாகிட்டயே குடுங்கோ, அவாளே படிக்கட்டும்" என்று தள்ளிவிட்டாள். ஒரு வரி விடாமல் படித்துக் கையெழுத்துப் போட்டேன்.

நர்ஸ் முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிட்டார். முகத்தைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்ன பாட்டில், சொட்டுச் சொட்டாக இறங்கியது. எதிரே அக்கா பெண் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கால் நீட்டி வசதியாகச் சாய்ந்துகொள்வதற்குள் நர்ஸ் வந்து ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்தி, "முடிஞ்சுதும்மா" என்றார்.

"அவ்வளவுதானா?" என்று அக்கா பெண் கேட்டாள்.

"அவ்வளவுதாங்க. இருபது நிமிஷம்."

இந்த இருபது நிமிஷத்தைத்தான் என் அக்கா தாங்கமாட்டாள் என்று நான் சொன்னேன்.