நிக்கல் வலையும் புதுப் பொட்டாஷும்

என் அக்கா பன்னிரண்டு வருடம் தண்ணீர்க் குழாய்களுக்கு நிக்கல் முலாம் பூசினாள். பிறகு, தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் இயந்திரம் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தாள். தண்ணீர் சும்மா பிரியாது. மின்சாரத்தை அள்ளி அள்ளித் தின்னும். அதைக் குறைக்க, தண்ணீருக்குள் மின்சாரம் பாய்ச்சும் தகட்டின் மேல் வினையூக்கி வேண்டும். பேர்போன வினையூக்கிகளின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அக்கா இரண்டு வருடம் முயன்று, தகட்டுக்குப் பதில் சாதாரணக் கம்பி வலையில் தன் பக்குவப்படி நிக்கலை ஏற்றினாள். ஒன்றே முக்கால் வோல்ட்டிலேயே குமிழிகள் கொப்பளித்தன. முதல் இயந்திரத்துக்கு அவள் வலைதான் என்று பேச்சு இருந்தது.

போன மாதம் அதே வலைக்கு இரண்டு வோல்ட் தேவைப்பட்டது. வெளியிலிருந்து தகடு வாங்கலாமா என்று வெள்ளிக்கிழமை முடிவு செய்வதாகக் கம்பெனி இன்ஜினியர் சொல்லிவிட்டார்.

"முலாம் உரிஞ்சிருக்கும்மா. குழாய்க்குப் பூசுற ஞாபகத்துல பூசிட்டீங்களா?"

"குழாய் ஞாபகம்னா பளபளன்னு வந்திருக்கும் சார். இது உரியல," என்றாள் அக்கா.

அன்று வீட்டில் என் பழைய நோட்டில் எழுதிப் பார்த்தாள். வலை அதே, தண்ணீர் அதே. மின்சாரம் பாய்வதற்காகத் தண்ணீரில் கரைக்கிற பொட்டாஷ் காரம் மட்டும் புதுசு. பழையது டிரம்மில் வந்த மட்டமான சரக்கு. புதியது பாட்டிலில் வந்த சுத்தமான சரக்கு.

"நல்ல சரக்கு வந்தா வேலை கெடுமா? உனக்குன்னே வருதுடி," என்றாள் அம்மா.

"அதான் எனக்கும் புரியலம்மா. நாளைக்குப் பழசைக் கரைச்சுப் பாக்குறேன்."

டிரம்மின் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிக் கரைத்தாள். வலை பழையபடி வேலை செய்தது. கரைசலில் லேசான பழுப்பு நிறம். இரும்போ என்று சந்தேகப்பட்டு, புதிய கரைசலில் துளி இரும்பு உப்பைச் சேர்த்தாள். மீட்டரில் வோல்ட் இறங்கியது. அதோடு விட்டிருக்கலாம். கடையில் வாங்கிய வெறும் நிக்கல் வலையையும் அதே கரைசலில் போட்டாள். அதற்கும் வோல்ட் கிட்டத்தட்ட அதே அளவுக்கு இறங்கியது.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் சொன்னேன்: "பேசாம பழைய பொட்டாஷே வேணும்னு கேட்டுடுக்கா. வெறும் வலை கதையெல்லாம் எதுக்கு?"

"இயந்திரம் வாங்குறவங்க எந்தச் சரக்கை ஊத்துவாங்கன்னு எனக்குத் தெரியுமா? நின்னு போனா நீ போய் டிரம்மைச் சுரண்டுவியா?"

மறுநாள் எல்லா அளவுகளையும் இன்ஜினியர் மேஜையில் வைத்தாள்.

"அப்போ உங்க ரெண்டு வருஷ முலாம்?"

"அதுல பெருசா ஒண்ணும் இல்ல சார். இரும்புதான் வேலை பாத்திருக்கு. நிக்கலோட இரும்பையும் சேத்து வலையிலேயே ஏத்தணும். சோதனை சுத்தமான பொட்டாஷ்லதான் பண்ணணும். மூணு வாரம் குடுங்க."

"ரெண்டு."

"சரி."

இன்று ஒன்பதாவது நாள். மூன்று வலைகள் தேறவில்லை. அக்கா காலை ஆறரைக்கே கிளம்பிவிட்டாள்.