அரை இன்ச்சு ஏறு

கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சரோஜா டீச்சரின் கணவர். "காலைல முடிஞ்சிடுச்சிம்மா" என்றார். கையிலிருந்த ஈரப்புடவையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தேன்.

செங்கல்பட்டில் நம் பள்ளியின் தையல் டீச்சர் அவர். தொண்ணூறுகளின் கடைசியில் மார்பில் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து நான் வீடு திரும்பியபோது, சக டீச்சர்கள் நீங்களெல்லாம் ஆப்பிள் வாங்கி வந்து, என் முகத்தைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனீர்கள். அதே அறுவை அவருக்கு இரண்டு வருடம் முன்பே நடந்திருந்தது. மாமல்லபுரத்திலிருந்து பஸ்ஸில் நின்றபடி வருவார். மேல்கம்பியைப் பிடிப்பது அறுவை செய்த பக்கத்துக் கை.

காயத்து நீர் வடிய ஒரு குழாயும் சின்ன பாட்டிலும் வைத்து என்னை அனுப்பியிருந்தார்கள். யாராவது வந்தால் பாட்டிலைப் புடவைக்குள் செருகி ஒளிப்பேன். எழுந்தால் குழாய் இழுத்து உயிர் போகும். டீச்சர் பழைய பாவாடைத் துணியில் ஒரு பை தைத்து இடுப்பில் கட்டிவிட்டார். முன்பக்கம் திறக்கிற ரவிக்கை இரண்டு, கைக்கு அடியில் வைக்கச் சின்னத் தலையணை ஒன்று. "வெக்கப்பட்டுகினு இருந்தா குழாய் புடுங்கிக்கும், அவ்ளோதான்" என்றார்.

மூன்றாவது வாரம் அவர் வந்தபோது என் கை துண்டால் கழுத்தோடு கட்டப்பட்டிருந்தது. அசைத்தால் தையல் பிரிந்துவிடும் என்று மாமியார் கட்டியது. டாக்டர் கொடுத்த பயிற்சித் தாள் அலமாரியில் மடித்தபடியே கிடந்தது. "இன்னா டீச்சர், கைய கட்டிப் போட்டுகினு குந்திகினுகீற?" என்று அவிழ்த்தார். கை தோள்வரைகூட எழவில்லை. டாக்டரிடம் இழுத்துப்போனார், டாக்டர் திட்டித் தீர்த்தார். அன்று மாலையே டீச்சர் தன் அளவு டேப்பை எங்கள் வீட்டுச் சுவரில், அறுபது மேலே வரும்படி உயரத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். அதன் ஓரமாக விரல்களால் சுவரில் ஏற வேண்டும். "இழுக்கற வரைக்கும் போ. குத்துச்சின்னா நில்லு. நாளைக்கு அரை இன்ச்சு ஏறு." நான்கு மாதத்தில் அறுபதைத் தொட்டேன். அதற்குமேல் டேப் இல்லை.

ஏழெட்டு வருடம் கழித்து அவருக்குத் திரும்ப வந்தது, இந்த முறை எலும்பில். போன மாதம் என் வீட்டுக்கு வந்தார். கை வீங்கியிருந்தது. டேப்பைப் பார்த்ததும் தானும் சுவரில் விரல் வைத்தார். நாற்பதில் நின்றுவிட்டது. நான் தலையணை எடுத்து வந்தேன். கையை உயர்த்தி வையுங்கள், கனம் தூக்காதீர்கள் என்று அப்போது அவர் எனக்குச் சொன்னதையெல்லாம் அவரிடமே ஒப்பித்தேன். "அதெல்லாம் பொழைக்கறவளுக்கு டீச்சர்" என்றார், சிரித்துக்கொண்டே. நான் தலையணையை அவர் கைக்கு அடியில் வைத்தேன்.

நேற்று பள்ளியில் அவர் படத்தை உயரத்தில் மாட்டிவிட்டு, மாலை போட ஸ்டூல் தேடினீர்கள். மாலையை வாங்கிக்கொண்டு நான் அந்தக் கையைத் தூக்கினேன். எட்டியது. அவர் எனக்கு மீட்டுத் தந்த கை இது. இதைக் கொண்டு அவருக்கு நான் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.